ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு கோடுகள்: அறிவியல் வகுப்பில் சென்சாரும் கணினி மாதிரியும்

தொடக்கநிலை 4-இல் ஒளி, வெப்பம் பாடங்கள் வந்ததும் பிள்ளைகளின் பயிற்சித்தாளில் ஒரு படம் எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் டார்ச்லைட், நடுவில் ஒரு தாளோ கண்ணாடியோ, மறுபக்கம் ஒரு சிறு கருவி. அந்தக் கருவியிலிருந்து ஒரு கம்பி போய்ப் பெட்டி ஒன்றில் சேரும். அளவுகளைப் பதிந்துவைக்கும் அந்தப் பெட்டிக்குப் பெயர் டேட்டா லாகர். கம்பியின் முனையில் இருப்பது ஒளி சென்சார். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே சிங்கப்பூருக்கு வந்த பெற்றோருக்கும் சரி, எண்பதுகளில் இங்கேயே படித்தவர்களுக்கும் சரி, இந்தப் பெட்டி புதுசு. நம் காலத்து அறிவியல் அறையில் வெப்பமானி, கைக்கடிகாரம், வரைபடத்தாள், அவ்வளவுதான். "இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்று பிள்ளை கேட்டால் பதில் தெரியாமல் பலர் துணைப்பாட ஆசிரியரைக் கை காட்டிவிடுகிறோம்.

அதற்கு அவசியமில்லை. அந்தப் பெட்டியையும், அதோடு சேர்ந்து வகுப்பறைக்குள் வந்த கணினி மாதிரியையும் யாரும் புரிந்துகொள்ளலாம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டிலும் திரை இருப்பதால் 'கம்ப்யூட்டர்ல சயின்ஸ்' என்று இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. நடந்ததைச் சொல்வது சென்சார். நாம் நினைப்பது சரியாக இருந்தால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது மாதிரி. இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே ஒத்துப்போகவில்லை என்று தேடும்போதுதான் பிள்ளை உண்மையில் அறிவியல் செய்கிறது. இதை நான் மனதார நம்புகிறேன்.

சென்சாருக்குள் என்ன நடக்கிறது?

எல்லா சென்சாருக்கும் அடிப்படை ஒன்றே: வெளியே ஏதாவது மாறினால், உள்ளே ஓடும் மின்சாரத்திலும் ஏதாவது மாற வேண்டும். வெப்பத்தை அளக்கும் பல சென்சார்களில் தெர்மிஸ்டர் என்ற சிறு பொருள் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எளிய ஒளி சென்சாரிலும் இதே கதைதான். வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை அளந்து லக்ஸ் என்ற அலகில் காட்டுவார்கள். வகுப்பறை மேசைமேல் சில நூறு லக்ஸ் இருக்கும். நண்பகல் நேர வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண் இரண்டுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால், வித்தியாசம் இத்தனை மடங்கு என்று நமக்கு உறைப்பதே இல்லை. சென்சார் அப்படிச் சமாளித்துக்கொள்ளாது.

தூரத்தை அளக்கும் சென்சார் வேறு வகை. நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பி வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்கிடும். 30 டிகிரிக் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 2 மீட்டர் தள்ளி நிற்கும் மாணவரைத் தொட்டுத் திரும்ப 0.0115 விநாடி போதும். எந்தக் கையாலும் கடிகாரத்தை அவ்வளவு வேகமாக அழுத்த முடியாது.

சரி, மின்சாரத்தில் வந்த மாற்றம் திரையில் எண்ணாக எப்படி மாறுகிறது? மின்னழுத்தம் வழுவழுப்பாக ஏறி இறங்கும். கணினிக்கோ தனித்தனி எண்கள்தான் புரியும். ஆகவே சரிவான பாதையைப் படிக்கட்டாகச் செதுக்குவதுபோல அந்த ஏற்ற இறக்கத்தைப் படிகளாக வெட்டுகிறார்கள். பள்ளிகளில் பார்க்கும் மைக்ரோபிட் போன்ற சிறு கணினிப் பலகைகளில் அப்படி 1,024 படிகள், அதாவது 0-இலிருந்து 1,023 வரை. ஒரே படிக்குள் அடங்கும் இரண்டு வெப்பநிலைகளை அந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடியாது. திரையில் 31.247 என்று மூன்று தசமத்தில் எண் வந்தால், 'அத்தனை நுட்பமாக இது அளக்குமா?' என்று பிள்ளை கேட்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் எண்களை அடுக்குவது திரைக்கு எளிது. அளப்பது எளிதல்ல.

இன்னொரு முடிவையும் பிள்ளைகளே எடுக்க வேண்டும்: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளப்பது? தேநீர் ஆறுவதைப் பார்க்க 10 விநாடிக்கு ஒருமுறை தாராளம். துள்ளும் பந்தை அப்படி அளந்தால் ஒன்றும் பிடிபடாது. விநாடிக்குப் பல பத்து முறையாவது வேண்டும். இந்த எண்ணை ஆசிரியரே தட்டிக் கொடுத்துவிட்டால் நேரம் மிச்சம், ஆனால் ஒரு நல்ல பாடம் வீண்.

20 விநாடி செய்த வேலை

"வெப்பமானியே போதாதா, எதற்கு இவ்வளவு செலவு?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல பதில் தருகிறது. 1980-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிங்கர் போன்றவர்கள் சென்சாரைக் கணினியோடு இணைத்து, அளப்பதை அந்தக் கணமே வரைபடமாகக் காட்டும் முறையை வகுப்பறைக்குக் கொண்டு வந்தார்கள். 1987-இல் ஹீதர் பிராசெல் என்ற ஆய்வாளர் இதை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். மாணவர் சென்சாருக்கு முன்னால் நடப்பார். அவர் நடப்பது திரையில் கோடாக எழும். ஒரு பிரிவுக்கு நடக்க நடக்கவே கோடு தெரிந்தது. இன்னொரு பிரிவுக்கு ஏறத்தாழ 20 விநாடி கழித்துத் தெரிந்தது. கருவியும் பாடமும் ஒன்றே. வரைபடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனில் முதல் பிரிவு நன்றாக முன்னேறியது. தாமதமாகப் பார்த்த பிரிவுக்கு அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

நடப்பதும் கோடு எழுவதும் ஒரே நேரத்தில் நிகழும்போது, 'நான் நின்றால் கோடு படுத்துக்கொள்கிறது, திரும்பி வந்தால் கீழே இறங்குகிறது' என்பது உடம்புக்கே புரிகிறது. மேலே ஏறும் கோட்டைப் பார்த்து 'மலை ஏறுகிறார்' என்று சொல்லும் தவறு நிறையப் பிள்ளைகளிடம் உண்டு. சென்சாருக்கு முன்னால் சமதரையில் நாலு முறை நடந்துவிட்டால் அந்தக் குழப்பம் தானாகக் கழன்றுவிடும். சென்சாரின் பெரிய பயனாக நான் துல்லியத்தைச் சொல்ல மாட்டேன். செய்வதற்கும் பார்ப்பதற்கும் இடையில் இருந்த இடைவெளியை அது எடுத்துவிட்டதைத்தான் சொல்வேன்.

தேநீருக்கு ஒரு விதி எழுதுவோம்

இப்போது மாதிரிக்கு வருவோம். கணினி மாதிரி என்றதும் பெரிய மென்பொருள் நினைவுக்கு வர வேண்டாம். ஒரு விதியும், அதைத் திரும்பத் திரும்பச் செய்யப் பொறுமையுள்ள ஒரு கணினியும் இருந்தால் போதும். எக்செல் போன்ற அட்டவணை ஒன்றே இதைச் செய்துவிடும்.

80 டிகிரிச் சூட்டில் ஒரு கோப்பைத் தேநீர். நம் வீட்டுச் சமையலறை 30 டிகிரி. தேநீர் எப்படி ஆறும் என்று பிள்ளையிடம் கேட்டால், பெரும்பாலும் "நிமிஷத்துக்கு இத்தனை டிகிரி குறையும்" என்றுதான் பதில் வரும். நல்ல தொடக்கம். அதையே விதியாக எழுதச் சொல்லுங்கள்: நிமிடத்துக்கு 2 டிகிரி. அட்டவணை 78, 76, 74 என்று இறங்கும். 25-ஆவது நிமிடத்தில் 30 ஆகும். 30-ஆவது நிமிடத்தில் 20! மேசைமேல் சும்மா வைத்த தேநீர் அறையைவிடக் குளிர்ந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கே இது நடக்காது என்று தெரியும். மாதிரி தவறு என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிட்டது. யாரும் சிவப்பு மையால் திருத்தவில்லை.

அடுத்து விதியை மாற்றலாம். தேநீர் அறையைவிட எவ்வளவு கூடுதல் சூடாக இருக்கிறதோ, அதில் ஒவ்வொரு நிமிடமும் நூற்றுக்கு 4 பங்கு குறையட்டும். 1701-இல் நியூட்டன் வெளியிட்ட கருத்தின் எளிய வடிவம் இது. தொடக்கத்தில் கூடுதல் சூடு 50 டிகிரி. அதில் 4 விழுக்காடு 2 டிகிரி. ஆகவே முதல் நிமிடத்தின் முடிவில் 78. இதுவரை பழைய விதியும் புதிய விதியும் ஒன்றே. ஆனால் போகப்போக இறக்கம் மெதுவாகும். 10-ஆவது நிமிடத்தில் 63.2, 20-இல் 52.1, 30-இல் 44.7. அந்தக் கட்டத்தில் நிமிடத்துக்கு 0.6 டிகிரிதான் குறைகிறது. கோடு வளைந்து வளைந்து 30-ஐ நெருங்கும், ஆனால் அதற்குக் கீழே போகாது.

இப்போது உண்மையான தேநீரில் வெப்ப சென்சாரை வைத்து, அது வரையும் கோட்டையும் மாதிரியின் கோட்டையும் ஒரே படத்தில் பார்த்தால்? திறந்த கோப்பையாக இருந்தால் ஒரு சங்கதி கண்ணில் படும். தொடக்க நிமிடங்களில், தேநீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது, உண்மையான கோடு மாதிரியைவிட வேகமாக இறங்கும். பின்பாதிக்குப் பொருந்துமாறு 4 என்ற எண்ணை மாற்றினால் முன்பாதி பொருந்தாது. முன்பாதியைச் சரிசெய்தால் பின்பாதி கெடும்.

இந்த இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. விதியில் நாம் எழுத மறந்த ஏதோ ஒன்று தேநீரில் நடக்கிறது. ஆவி பறக்கிறதே, அதுதான். ஆவியாகும் நீர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. சூடு அதிகமாக இருக்கும்போது ஆவியாவதும் மிக அதிகம். நம் விதியில் அதற்கு இடமே இல்லை. சந்தேகமா, கோப்பைமேல் ஒரு தட்டை மூடிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இறக்கம் மெதுவாகும், மாதிரியோடு இன்னும் நன்றாகப் பொருந்தும். தொடக்கநிலை 5-இல் நீர் சுழற்சிப் பாடத்தில் ஆவியாதலை மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதே ஆவியாதலை இங்கே இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட இடைவெளியாகப் பார்க்கிறது.

'4' என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் பிள்ளை கேட்க வேண்டும். அது எல்லாக் கோப்பைக்கும் பொதுவான எண் அல்ல. கோப்பையின் அகலம், கனம், உள்ளே எவ்வளவு தேநீர், பக்கத்தில் மின்விசிறி ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். தேக்கா உணவங்காடி நிலையத்தில் தே தாரிக்கை உயர்த்தி உயர்த்தி ஆற்றுகிறாரே, அவர் செய்வது அந்த எண்ணைக் கூட்டுவதுதான். எண்ணை நாமே சென்சார் அளவைப் பார்த்துப் பொருத்திவிட்டு, "பார், மாதிரி பொருந்துகிறது!" என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. மாதிரியைச் சோதிக்க வேண்டுமென்றால் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 24 டிகிரிக் குளிர்சாதன அறையில் அதே மூடிய கோப்பை 30 நிமிடத்தில் எவ்வளவு இருக்கும்? 4 சரியென்றால் 40.5 இருக்க வேண்டும். முதலில் அதை எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் போய் அளக்க வேண்டும்.

கொசுக்களும் மனிதர்களும்

ஒரே ஒரு கோப்பைக்கு ஒரே ஒரு விதி போதும். நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒன்றோடொன்று உறவாடும்போது என்ன செய்வது? ஒவ்வோர் உயிருக்கும் ஒரு சின்ன விதி கொடுத்து எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடும் மாதிரிகள் இருக்கின்றன. யூரி விலென்ஸ்கி 1999-இல் வெளியிட்ட நெட்லோகோ என்ற மென்பொருள் இதற்கென்றே உருவானது, இலவசம். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்சில் தேர்ந்தவர்கள் அதிலேயே எளிய வடிவத்தைக் கட்டிவிடலாம்.

நமக்கு இங்கே டெங்கியைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டாம். 2020-இல் சிங்கப்பூரில் 35,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. மாதிரியில் கொசுவுக்கு விதி: அலை, அருகில் ஆள் இருந்தால் கடி, கிருமி உள்ளவரைக் கடித்தால் சில நாள் கழித்து நீயும் பரப்பு. மனிதருக்கு விதி: சில நாள் நோய், பிறகு குணம். தேங்கிய நீர் உள்ள இடங்களில் கொசு பெருகும். அவ்வளவுதான். இப்போது பூந்தொட்டித் தட்டுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் நோயாளிகளும் பாதியாவார்களா? பிள்ளைகள் "ஆமாம்" என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் பல சமயம் பாதியாகாது. ஒரு கட்டம்வரை பெரிய மாற்றம் இல்லாமல் இருந்து, பின்பு திடீரென்று பரவலே நின்றுபோகும். நம் புளோக்கில் உண்மையான நோயைப் பரவவிட்டு இதைச் சோதித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. மாதிரிக்கு இருக்கும் தனி மதிப்பு இதுதான்.

எங்கே ஏமாறுவோம்

சென்சார் பொய் சொல்லாது என்று நினைப்பது தவறு. அது தான் இருக்கும் இடத்தைத்தான் அளக்கும், நாம் நினைக்கும் இடத்தை அல்ல. வெயிலில் வைத்த வெப்ப சென்சார் வெயிலில் சூடான தன்னையே அளக்கும். காற்றின் வெப்பநிலை வேண்டுமென்றால் நிழல் வேண்டும். மைக்ரோபிட் பலகையில் உள்ள வெப்ப அளவு அதன் மின்னணுச் சில்லின் வெப்பம். அதனால் அறையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். கோப்பையின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும் சென்சார் தேநீரை அளக்கவில்லை.

மாதிரியின் ஆபத்து இன்னும் நுட்பமானது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் பாவனைகளை, அதாவது நடப்பதைத் திரையில் அசைத்துக் காட்டும் கணினி மாதிரிகளை, நம் ஆசிரியர்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் சிலவற்றைத் தமிழிலும் திறக்கலாம். அருமையானவை. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு ஓடுவதையும் மின்சாரம் பாய்வதையும் காட்டுபவை. ஆனால் "நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன், அதனால் உண்மை" என்று பிள்ளை சொல்லத் தொடங்கினால் நிறுத்திப் பேச வேண்டும். பாவனையில் நடப்பதெல்லாம் அதை எழுதியவர் உள்ளே வைத்த விதியின் விளைவு. நம் முதல் தேநீர் விதியும் தயங்காமல் 20 டிகிரி என்றுதான் சொன்னது.

என் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கநிலை 3-இல் அறிவியல் தொடங்கும்போதே சென்சாரைக் கையில் கொடுக்க வேண்டாம். முதலில் சாதாரண வெப்பமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படிக்கட்டும், வரைபடத்தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுக்கட்டும். ஒரு புள்ளி என்பது ஓர் அளவு என்று கைக்குப் பழகிய பிள்ளைக்குத்தான் திரையில் ஓடும் கோடு அர்த்தமாகும்.

இங்கே இது எப்படி வந்தது

சிங்கப்பூரில் இதற்கு நெடிய பின்னணி உண்டு. 1997-இல் கல்வி அமைச்சு தன் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை வெளியிட்டபோதே, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினியோடு நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இயற்பியல் பாவனைகளை இலவசமாகத் திறந்துவைத்த அமைச்சின் முயற்சிக்கு 2015-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 2017-இல் டிஜிட்டல் மேக்கர் திட்டத்தின்கீழ் மைக்ரோபிட் பள்ளிகளுக்கு வந்தது. 2018 முதல் மாணவர் கற்றல் தளத்தில் பாவனைகளைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் பார்க்க முடிகிறது. ஆகவே கருவி இருக்கிறதா என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதா என்பதுதான் மிச்சம். அந்தப் பேச்சு தமிழிலேயே நடக்கலாம்.

கையில் உள்ள கைப்பேசியே போதும்

செலவில்லாமல் தொடங்க நினைத்தால், ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் பதிவிறக்குங்கள். கைப்பேசிக்குள் இருக்கும் சென்சார்களை அது திறந்து காட்டும். பல கைப்பேசிகளில் காற்றழுத்த சென்சாரும் இருக்கிறது. வீவக புளோக்கின் மின்தூக்கி இதற்கு அற்புதமான ஆய்வுக்கூடம். ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.12 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஒரு மாடி 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து மாடிக்கு ஏறத்தாழ 3.4 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். இது மாதிரி. ஏறிப் பார்ப்பது சென்சார்.

அழுத்தம் முடிந்ததும், வேகம் மாறுவதை உணரும் சென்சாரான முடுக்கமானியைத் திறந்து, கைப்பேசியை மின்தூக்கியின் தரையில் வையுங்கள். நிற்கும்போது புவியீர்ப்பினால் 9.8-ஐ ஒட்டிக் காட்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்து, கீழ்த்தளத்திலிருந்து மேலே போய் நிற்கும்வரை கோடு எப்படி இருக்கும் என்று பிள்ளையை வரையச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக ஒன்று வரையுங்கள். அநேகமாக இருவரும் வழி நெடுக உயர்ந்தே இருக்கும் கோட்டைத்தான் வரைவீர்கள். ஆனால் சென்சார் வரைவது வேறு: புறப்படும்போது கோடு சற்று எழும், நிற்கப்போகும்போது 9.8-க்குக் கீழே இறங்கும், இடையில் மின்தூக்கி மிக வேகமாகப் போகும் நடுப்பகுதியில் மறுபடி 9.8-க்கே வந்து, நிற்பதுபோலவே காட்டும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். தரைத்தளம் வந்ததும் இன்னொரு முறை ஏறுங்கள். இந்தத் தடவை நடுப்பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு, போகிறோமா நிற்கிறோமா என்று உடம்பால் சொல்ல முடிகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.